ஹெரால்டின் வலது கதவு

குறிச்சிப் பிரிவில் டிங்கர் ஞானமுத்துவின் வேலையைக் குறை சொன்னவர்கள் கிடையாது. வாயைக் குறை சொல்லாதவர்களும் கிடையாது. நசுங்கிய மட்கார்டோடு போனால், சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால், வந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்பதை அரை மணி நேரம் விளக்குவார். அதைக் கேட்கப் பொறுமை இருந்தால் வண்டி புதிதாகத் திரும்பும். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கென்று இருந்தது போத்தனூரில் இரண்டு அறை வீடு, தகரக் கூரை போட்ட பட்டறை, அப்புறம் இந்த நல்ல பெயர். பெயரைத்தான் அவர் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மே மாதம் அந்தப் பெயருக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் ஏறி வந்தது.

மில் முதலாளி சுந்தரராஜுலுவின் குடும்பத்து வண்டி அது. பாலாடை நிறம், அறுபத்தேழாம் வருடம் வாங்கியது. சுந்தரராஜுலு இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போவேன் என்று அவர் மனைவி கோமளா ஒற்றைக் காலில் நிற்பதால் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் மகன் சசிதர்.

"ஏனுங்கண்ணா, வலது பக்கக் கதவு சாத்தவே மாட்டேங்குதுங்க. தூக்கிப் புடிச்சு அடிக்க வேண்டியிருக்குது. போன வாரம் உக்கடத்துல திரும்பறப்ப தானாத் தொறந்துருச்சு. ஒரு கையில கதவு, ஒரு கையில ஸ்டியரிங். அம்மா பக்கத்துல உக்காந்துட்டு கந்தா கந்தாங்குறாங்க."

ஞானமுத்து குனிந்து பார்த்தார். கதவுக்கு மேலே விரல் நுழையும் இடைவெளி. கீழே தகரம் தகரத்தில் உரசிப் பெயிண்ட் போயிருந்தது.

"பாடி ஒரு பக்கம் எறங்கியிருக்குதுங்க தம்பி."

"ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல அப்பாவோட அறுவதாங் கல்யாணத்துக்கு நீங்கதானுங்களே பாடியைத் தூக்கி செட் பண்ணிக் குடுத்தீங்க. அஞ்சு வருசம்கூட நிக்கலையேன்னு கேக்குறேன்."

சசிதர் அமைதியாகத்தான் கேட்டார். ஆனால் ஞானமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"நான் வச்ச பேக்கிங் எறங்காதுங்க. எவனோ கை வச்சிருக்கான். நடுவுல யார்கிட்ட உட்டீங்க?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆஸிம் பாய்கிட்டப் பின்னாடி ஸ்பிரிங் மாத்துனோம். அவ்வளவுதான்."

"அதான் பாத்தேன். ஸ்பிரிங் கழட்ட எடைஞ்சலா இருந்திருக்கும், என்ற பேக்கிங்கை உருவிப்போட்டுக் கைக்குக் கெடைச்சதைச் சொருகியிருப்பான். எழுதி வச்சுக்குங்க தம்பி. உள்ள இருக்கறது என்ற வேலைன்னா நாளையில இருந்து நான் சுத்தியலையே தொடமாட்டேன்."

ஆஸிம் இரண்டு கடை தள்ளி ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவர். சசிதருடைய மில் லாரிகள் அத்தனையும் அவரிடம்தான் போகும். "அவரு அப்படிச் செஞ்சிருந்தா இனிமே லாரி அங்க போகாதுங்க" என்று சொல்லிவிட்டு சசிதர் கிளம்பினார். பேச்சு சாயங்காலத்துக்குள் ஆஸிம் காதுக்குப் போய்விட்டது.

இந்தக் காலத்துக் கார்களில் எலும்பும் தோலும் ஒன்றாகவே இருக்கும். ஹெரால்டு அப்படியில்லை. கீழே இரும்புச் சட்டம்; அதைச் சேஸ் என்பார்கள். மேலே தகர பாடி. பாடியைச் சேஸின் மேல் உட்காரவைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டுக்கும் நடுவே பேக்கிங் என்று ரப்பர் வில்லைகள் இருக்கும். ஓரிடத்தில் வில்லை நசுங்கினால் பாடி அந்தப் பக்கம் சாயும், கதவு பொருந்தாது. சரிசெய்ய வேண்டுமானால் போல்ட்டுகளையெல்லாம் தளர்த்தி, பாடியை நாலு விரல் உயரம் தூக்கி, வில்லைகளைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும். முதல் தடவை சரியாக வராது. இரண்டாம் தடவையும் வராது. பொறுமை வேண்டிய வேலை, ஞானமுத்துவின் பட்டறையில் இல்லாத ஒரே சாமான் அதுதான். அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் அவர் மனைவி ஜெயக்கொடி.

ஜெயக்கொடி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். தொண்ணூற்றெட்டில் மில்லை மூடினார்கள். மறுவாரம் பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தபோது, கூட வேலை செய்கிற ஆள் வராமல் ஞானமுத்து ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக் கத்திக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கேட்ட வில்லையை எடுத்து இடுக்கில் தள்ளினாள். அன்றைக்கு ஆரம்பித்தது இருபது வருடம் நடந்தது.

அவர்களுடைய முறை இதுதான். ஞானமுத்து அடியில் படுத்து ஜாக்கியை ஏற்றுவார், கடப்பாரையால் நெம்பிப் பிடிப்பார். "மூணு வை கொடி" என்பார். அவள் வெளியே நின்று, ஒல்லியான விரல்களால் மூன்று வில்லைகளை இடுக்குக்குள் நகர்த்துவாள். பாடியை இறக்கியதும் கதவைச் சாத்தி, இரண்டு தீக்குச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் கதவின் இடைவெளி முழுக்க ஓட்டிப் பார்ப்பாள். எங்கும் சிக்காமல் ஓடினால் "ம்". சிக்கினால் "இன்னொருக்காத் தூக்குங்க." வில்லைகளை வெட்டுவதும் அவள்தான். மூடின மில்லின் பழைய பெல்ட்டைச் சுருளாகக் காயலான் விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். கித்தானும் ரப்பரும் சேர்ந்த பெல்ட் அது, எத்தனை பாரம் ஏறினாலும் நசுங்காது.

வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு, வெளியே நிற்பவரின் பாதங்கள் மட்டும்தான் தெரியும். ஞானமுத்து கட்டிய மனைவியோடு பேசியதில் பாதி அந்தப் பாதங்களோடு பேசியது. கத்தியதும் அவற்றிடம்தான். அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

ஐம்பது வயதுக்கு முன்னாலேயே ஜெயக்கொடிக்குச் சர்க்கரை வந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற நீலச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அதே மாதிரிச் செருப்பு பத்துப் பன்னிரண்டு கிடக்கும். மாறிப்போகக்கூடாது என்று, ஒரு ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைத் தொட்டு, குதிகால் ஓரத்தில் செருப்புக்கு இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார் ஞானமுத்து. மனைவி மேல் இருந்த பிரியத்தை அந்த மனிதர் வெளியே காட்டியது என்று பார்த்தால் அந்த நாலு கோடுகள்தான்.

அந்தச் செருப்பும் தொலைந்தது. பத்தொன்பதாம் வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், அவள் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கேட்டால், சர்ச் வாசலில் காணாமல் போய்விட்டது என்றாள். அடுத்த வாரம் ஞானமுத்து சர்ச் வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அடுத்த ஜோடி கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் உள்ளங்காலில் கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணாகியிருந்தது. அவளுக்கு வலி தெரியவில்லை. தெரிந்தபோது அவள் சொல்லவில்லை. முதலில் விரல் போயிற்று, அப்புறம் பாதம் போயிற்று. கடைசியில் சிறுநீரகமும் கைவிட்டது. இருபத்தொன்றாம் வருடம் ஜனவரியில் ஜெயக்கொடி செத்துப்போனாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஞானமுத்து ஒரே பாட்டைப் பாடினார். "செருப்பில்லாம நடக்காதே நடக்காதேன்னு ஆயிரம் தடவை சொன்னேனுங்க. அடையாளம் போட்டுக் குடுத்தும் தொலைச்சுப்போட்டா. பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பா." மூன்று வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மகள் ஃபெமினா எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளால் தாங்க முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜெயக்கொடி போன பிறகு பாடி தூக்கும் வேலை எதையும் அவர் எடுக்கவில்லை. ஹெரால்டை எடுத்தது பெயருக்காக.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சசிதர் வந்தார். கூப்பிடாமலேயே ஆஸிமும் வந்து நின்றார்.

"அண்ணே, நான் ஸ்பிரிங்கைத் தவிர எதையும் தொடலைங்க. பத்து வருசமா மில் வண்டி எங்கிட்ட வருது. உள்ளாற பாத்துட்டு அப்புறம் என்னைப் பேசுங்க."

"பாத்துட்டுத்தான் பேசப் போறேன்" என்று ஞானமுத்து அடியில் நுழைந்தார்.

முந்தின நாளே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மரப்பலகை கொடுத்து இரண்டு ஜாக்கிகளை ஏற்றினார். பாடி ஒரு முனகலோடு சேஸை விட்டு எழும்பியது. பழக்கத்தில் "தூக்கறேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். வெளியே ஆஸிமின் கறுப்பு ரப்பர் செருப்பும் சசிதரின் வெள்ளை ஷூவும் அசையாமல் நின்றன.

வலது கதவுத் தூணுக்குக் கீழே டார்ச் அடித்தார். மூன்று பெல்ட் வில்லைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றுக்கு மேலே பெல்ட் இல்லாத ஏதோ ஒன்று அப்பளமாய் நசுங்கிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வெளியே எடுத்தார். நீல நிறத்தில், அரைவட்டமாய், நடுவில் போல்ட்டுக்கு ஓட்டை போட்ட இரண்டு துண்டுகள். செருப்பின் குதிகால் பக்கம்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். கார் பேக்கிங்குக்குச் செருப்பா? கையும் களவுமாக மாட்டினான் ஆஸிம். கத்துவதற்கு மூச்சை இழுத்துவிட்டார். டார்ச் வெளிச்சம் துண்டின் ஓரத்தில் விழுந்தது. இரண்டு பச்சைக் கோடு. அடுத்த துண்டைத் திருப்பினார். அதிலும் இரண்டு.

இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இப்போது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் விடிகாலை சுந்தரராஜுலுவுக்கு அறுபதாங் கல்யாணம். வண்டியை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். முந்தின வாரமே ஜெயக்கொடி, "பெல்ட் தீந்துபோச்சுங்க, இந்த வண்டிக்குப் பத்தாது" என்று சொல்லியிருந்தாள். "இருபது வருசமா இருக்கற சுருள் இன்னைக்குத்தான் தீருதா? போய் வேலையப் பாரு" என்றவர் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து அவள் நேராகப் பட்டறைக்கு வந்தாள். ஐந்தாறு தடவை தூக்கி இறக்கினார்கள். கதவு சேரவில்லை. "இன்னும் ரெண்டு வை, இன்னும் ரெண்டு வை" என்று இவர் அடியிலிருந்து கத்தினார். கடை எதுவும் திறந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கத்தரி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் "வச்சுட்டேனுங்க, எறக்குங்க" என்றாள்.

கதவு டப்பென்று ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது. தீக்குச்சி எங்கும் சிக்காமல் ஓடியது. "பாத்தியா கொடி, என்ற வேலைய" என்று இவர் வெளியே கூட வராமல் சிரித்தார். "நீ ஊட்டுக்குப் போ, நான் போல்ட்டை முடுக்கிட்டு வாரேன்" என்றார். அவள் போனாள். குறிச்சிப் பிரிவிலிருந்து போத்தனூர் வரைக்கும் மத்தியான வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு போனாள். சர்ச்சில் செருப்பு தொலையவில்லை. இங்கேதான் இருந்தது, அஞ்சு வருடமாக ஒரு காரைச் சுமந்துகொண்டு இருந்தது.

"என்னங்கண்ணா, ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று சசிதர் கேட்டார்.

அந்த இடத்தில் ஞானமுத்து செய்திருக்கக்கூடியது என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். துண்டுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டால் போதும். பழி ஆஸிம் மேலேயே கிடக்கும், பெயர் பிழைக்கும். எத்தனையோ பேரைச் சந்தி சிரிக்கவைத்த மனிதர், இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பெயர் என்று ஒன்று இருப்பதே அப்போது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. வெளியே தெரிந்த கால்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் இதே இடத்தில், இதே தூரத்தில்தான் படுத்திருந்தார்.

மெல்ல நகர்ந்து வெளியே வந்தார். தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஆஸிம் பாய், உங்க மேல தப்பு இல்லீங்க. இல்லாததைச் சொல்லிப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." பிறகு சசிதரைப் பார்த்தார். "இது எங்க வேலைதானுங்க தம்பி. பெல்ட் பத்தலை. நான் கேக்கலை. என்ற சம்சாரம் அவ செருப்பை அறுத்து வச்சிருக்கா. சர்க்கரைச் செருப்புங்க. மெத்துன்னு இருக்கும். எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

சசிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆஸிம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜெயக்கொடியின் காலுக்கு என்ன ஆயிற்று என்பது அந்தத் தெருவுக்கே தெரியும், சொன்னவரே ஞானமுத்துதானே. ஆஸிம் குனிந்து அந்த நான்கு கோடுகளையும் பார்த்தார். போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

வண்டியை அப்படியே தொங்கலில் விட முடியாது. ஆஸிம் தன் பட்டறையிலிருந்து லாரிக்கு வைக்கிற கெட்டி ரப்பர் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தார். ஞானமுத்து மறுபடி அடியில் நுழைந்து ஜாக்கியைப் பிடித்தார். வில்லைகளை ஆஸிம் தள்ளினார். நான்கு தடவை தூக்கி இறக்கினார்கள். நான்கு தடவையும் ஞானமுத்து குரலை உயர்த்தவில்லை. தீக்குச்சி ஓட்டிப் பார்க்க மட்டும் யாரையும் விடாமல் அவரே எழுந்து வந்தார். மூன்று மணிக்குக் கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. அதே சத்தம். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சசிதர் போகும்போது, "சுத்தியலைக் கீழ வச்சறாதீங்கண்ணா. அப்பா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாரு" என்றார். ஞானமுத்து தலையை ஆட்டினார். எந்தச் சுத்தியலைச் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல் சோமனூருக்குப் பஸ் ஏறினார். ஃபெமினாவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது; மாப்பிள்ளைக்கு நாலு தறி. பொழுது சாயும் நேரத்தில் போய் நின்றபோது அவள் வாசலில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா. என்னங்க, போன்கூடப் பண்ணாம?"

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்துத் துணிக் கூடையின் மேல் வைத்தார். ஃபெமினா பார்த்தாள். இது என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்கப்பா. கால் எடுக்கறதுக்கு மொத நாள் அம்மா சொல்லுச்சு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிருச்சு."

"ஆஸ்பத்திரி வார்டுல நாலு பேருக்கு முன்னால திட்டுனேனே. தொலைச்சுப்போட்டேன்னு திட்டுனேனே. அப்பக்கூடச் சொல்லலையே. ஏன் கண்ணு?"

ஃபெமினா ஒரு துணியை எடுத்து மடித்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கதவு சாத்துன சத்தம் கேட்டு நீங்க சிரிச்சீங்களாமா. என்ற வேலையப் பாருன்னு சந்தோசமாச் சொன்னீங்களாமா. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருசம் ஆச்சுடி, அதுல போய் மண்ணை அள்ளிப் போடறதான்னு கேட்டுச்சு."

ஞானமுத்து படியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் அடியிலதான் படுத்திருந்தேன் கண்ணு. அவ காலு என்ற மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. மொதல்ல செருப்போட நின்னா. அப்புறம் வெறுங்காலோட நின்னா. ரெண்டும் இப்பக் கண்ணுக்குத் தெரியுது. அன்னைக்கு நான் பாக்கலை. பாத்துட்டேதான் இருந்தேன், ஆனாப் பாக்கலை."

பிறகு மூன்று வருடமாகச் சொல்லிவந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். "பேச்சைக் கேட்டிருந்தா இருந்திருப்பா" என்றார். நிறுத்தினார். "அவ பேச்சை நான் கேட்டிருந்தா."

இந்த முறை ஃபெமினா எழுந்து உள்ளே போகவில்லை.